வெங்காய வாசனை அடிக்கும் மைக்

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு இன்சுலேஷன் டேப்புக்காக மேஜை இழுப்பறையைத் துழாவினேன். கைக்கு உன் மைக் அகப்பட்டது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இன்னும் வெங்காய வாசனை போகவில்லை.

கள்ளக்குறிச்சியில் இத்தனை வருஷமாக ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறேன். பீடி நாறுகிற மைக், வெற்றிலை எச்சில் காய்ந்த மைக், மீட்டிங்கில் மாலையோடு வந்து மல்லிகைப்பூ மணக்கிற மைக், எல்லாம் பார்த்தாயிற்று. வெங்காயம் மணக்கும் மைக் இது ஒன்றுதான். அதுவும் ஒயர் இல்லாத, உள்ளே கம்பிச்சுருள் எரிந்துபோன மைக். என் கடைக் குப்பைக் கூடையில் கிடந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. உன் சாவைச் சொல்லவில்லை. சாவை நம்பித்தான் ஆகவேண்டும், கபர்ஸ்தானுக்கும் சுடுகாட்டுக்கும் நடந்து நடந்து தேய்ந்த கால்கள் இவை. அதற்கு முன்னால் நீ செய்துகொண்டிருந்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் நம்ப முடியவில்லை. நீ படிக்கப் போவதில்லை என்பதால் கொஞ்சம் திட்டியும் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன்னை யாராவது "இன்னா வேலை?" என்று கேட்டால் நிமிர்ந்து நின்று "மில்லுல" என்பாய். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் மட்டும் உனக்கு வேலை. டிராக்டரும் மாட்டுவண்டியும் வரிசையில் நிற்கிற யார்டில், அடுத்து உள்ளே போகவேண்டிய வண்டியின் நம்பரைக் கூப்பிடும் ஆள் நீ. மில் சத்தத்தையும் டிராக்டர் சத்தத்தையும் தாண்டி, கடைசி வண்டிக்கு அடியில் துண்டு விரித்துத் தூங்குகிறவன் வரைக்கும் அந்தக் குரல் போகவேண்டும். போகும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் என் கடை வாசலில் நின்றுகொண்டு, பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறப்போன உன் மச்சானைக் கூப்பிட்டாய். மச்சானோடு சேர்ந்து ஒரு டிரைவரும் இரண்டு கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கடைக் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அன்றைக்கே உன்னைப் பிடித்துப் பின்னறையில் உட்காரவைத்தேன்.

தள்ளுவண்டிக்காரர்களும் குட்டியானை வண்டிக்காரர்களும் தொண்டை கிழியக் கத்துவதை நிறுத்திவிட்டு, என்னிடம் ஸ்பீக்கரும் பென் டிரைவும் வாங்க ஆரம்பித்திருந்த சமயம் அது. கருவி என்னிடம் இருந்தது. பேச ஆள் இல்லை. நான் பேசிப் பார்த்ததில் சாவு வீட்டில் யாசின் ஓதுகிற மாதிரி இருக்கிறது என்று என் மகனே சிரித்துவிட்டான். உனக்கு அரவை முடிந்து சும்மா இருந்த மாதங்கள். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்த அறையில் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்யவேண்டும். நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாய். இடது கையால் இடது காதைப் பொத்திக்கொள்வாய். கண்ணை மூடிக்கொண்டு, வலது குதிகாலை லேசாகத் தூக்கி, ஏதோ குளத்தில் இறங்கப் போகிறவன் மாதிரி நிற்பாய். எனக்குச் சிரிப்பாக வரும். என்னைத் தவிர உன்னை அப்படி யாரும் பார்த்ததில்லை என்றுதான் போன வருஷம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

வெங்காயத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது சாதாரணமான வாசகம். அம்மா வாங்க, அக்கா வாங்க, நூறு ரூபாய்க்கு நாலு கிலோ. விலை ஏறினால் மூன்று கிலோ, இறங்கினால் ஐந்து கிலோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசி வைத்தோம். ஆனால் நான் எழுதாத ஒன்றை நீ முடிவில் ஒட்டவைத்தாய். "உரிக்கறப்ப அழுவுங்கம்மா, வாங்கறப்ப அழுவாதீங்க." நான் அறைக்குள்ளேயே கை தட்டினேன். நீ கண்ணைத் திறந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்கிற மாதிரி கதவைப் பார்த்தாய்.

"பாய், என் பேரு வெளிய வரக்கூடாது. மில்லுல தெரிஞ்சா மானம் பூடும்" என்றாய்.

"இதுல இன்னாய்யா மானம்? திருடினியா?"

"கத்தி விக்கறது ஒரு வேலையா? அங்க நான் கூப்புட்டா லோடு உள்ள போவுது. இங்க கூப்புட்டா வெங்காயம் போவுது."

யார்டில் நம்பரைக் கத்துவது வேலை, தெருவில் வெங்காயத்தைக் கத்துவது வேலை இல்லை. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் அல்லாஹ் மேல் ஆணையாக யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உன் குரல் என்னிடமிருந்து ஒருவனுக்கும், அவன் போனிலிருந்து இன்னொருவனுக்கும் போய், சங்கராபுரம், தியாகதுருகம், திருநாவலூர் வரைக்கும் சுற்றியது. பேசியது யார் என்று ஒரு வண்டிக்காரனுக்கும் தெரியாது. வண்டி வருகிற சத்தம் கேட்டால் நீ டீக்கடைக்குள் நுழைந்து தினத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாய்.

உன் மகளுக்கு நிச்சயம் செய்த அன்று நானும் வந்திருந்தேன். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் உன் வீடு இருக்கிற ஏமப்பேர் தெருவுக்குள் வெங்காய வண்டி நுழைந்தது. வீடு முழுக்க உன் குரல். மாப்பிள்ளையின் பெரியப்பா காதில் விரலை விட்டுக்கொண்டு, "யார்ரா இவன், இப்பிடிக் கத்தறான்? தொண்டையா தகரமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். நீ அசையாமல், "யாரோ ஊர் சுத்தற பய" என்றாய். அப்புறம் சிரிப்போடு சிரிப்பாக நீயும் சிரித்தாய். எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் பாயசம் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மகளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்த பிறகு வந்த அரவையில் உன் குரல் கரகரத்தது. மில் தூசி என்றாய். நான் பனங்கற்கண்டும் மிளகும் வாங்கிக் கொடுத்தேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள். பீடியா, கத்தியதா, விதியா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முன் நீ என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு, "பாய், வர்றப்ப என் செருப்ப எடுத்துக்கினு வந்துடு" என்பது. அப்படி ஒரு அற்பப் பேச்சைச் சொல்லிவிட்டுப் போனாயே என்று இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

நீ வீட்டுக்கு வந்த அந்த வாரம் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஈரத்துணி. மூச்சு அது வழியாகத்தான் போய்வந்தது. ஆரஞ்சுப் பழத்தை உன் மனைவி கையில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் அது கேட்டது. "வெங்காயம் வெங்காயம் வெங்காயம். அம்மா வாங்க, அக்கா வாங்க."

என் கையிலிருந்து ஒரு பழம் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. மனிதன் இங்கே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய குரல் தெருவில் ஜம்மென்று போய்க்கொண்டிருக்கிறது. உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நீ கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினாய். உன் மனைவி ஓடிப்போய்ச் சாத்தினார். அதன்பிறகு தினமும் அந்த நேரத்துக்கு ஜன்னல் சாத்தியே இருந்தது.

வீட்டில் நீ உதட்டைக்கூட அசைக்கவில்லை. உதடு அசைந்தாலே பாதி புரியும், முயற்சி பண்ணச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். தண்ணீருக்கு ஒரு சைகை, சோற்றுக்கு ஒரு சைகை, அவ்வளவுதான். உன் மகள் பேரனைத் தூக்கிவந்து காட்டினால் தலையைத் தடவிவிட்டுத் திரும்பிக்கொள்வாய்.

பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தாய். குப்பைக் கூடையைக் கவிழ்த்து, இந்த மைக்கை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்துப் பார்த்தாய். "யாருக்குய்யா, பேரனுக்கா?" என்றேன். தலையை எப்படியோ ஆட்டினாய். ஆமாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். "அது செத்த மைக்கு, வேணும்னா நல்லதா ஒண்ணு தரேன்" என்று உள்ளே போய் எடுத்துவருவதற்குள் நீ இல்லை.

நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று போன் வந்ததும் ஓடிவந்தேன். வாசலில் பந்தல், நாற்காலி, மேளம். சாவு வீட்டுப் பந்தலைக் கண்டால் வண்டிக்காரர்கள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தெரு தாண்டிய பிறகுதான் மறுபடி போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை, எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் உன் தெரு வளைந்து போகிற தெரு. வளைவில் திரும்பினால்தான் பந்தல் தெரியும்.

மேளக்காரர்கள் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது. உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த உன் மனைவி அழுகையை நிறுத்தினார். உன் முகத்தைக் குனிந்து பார்த்தார். எழுந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல், வெறுங்காலோடு தெருவில் ஓடினார். "இருங்க, தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு ஓடினார். வண்டிக்கு முன்னால் விழுந்தவரைத் தூக்கிவந்து படுக்கவைத்தோம். வண்டிக்காரன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் கைகூப்பியபடி நின்றான். வாங்கறப்ப அழுவாதீங்க என்று நீ சொல்லி முடித்திருந்தாய்.

கருமாதி முடிந்த அன்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, அத எல்லா வண்டியிலயும் அழிச்சிடுங்க. ஒண்ணு பாக்கி வைக்காதீங்க. என்னால முடியல. காலையில கண்ணு முழிச்சா காது அதத்தான் தேடுது. கேட்டா செத்துப் போலாம்னு இருக்குது."

"அழிச்சிடறேம்மா. வாக்கு" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வண்டி வண்டியாகப் பிடித்தேன். புதிதாக ஒரு கல்லூரிப் பையனைப் பேசவைத்த பதிவை இலவசமாகப் போட்டுக்கொடுத்து, உன் குரலை அழித்தேன். சிலர் திட்டினார்கள். "நல்லாக் கீற கொரல எதுக்கு பாய் மாத்தற?" என்றார்கள். ஒவ்வொரு முறை அழிக்கிற பொத்தானை அமுக்கும்போதும் உன்னைத் திரும்பவும் குழிக்குள் இறக்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வண்டி பாக்கி. கல்வராயன் மலைக்குப் போகிற முருகேசனின் வண்டி.

முருகேசன் முடியாது என்றுவிட்டான். "மலையில அந்தக் கொரலு போட்டாதான் ஜனம் வெளிய வரும் பாய். வேற போட்டா எவன் வருவான்? நம்பலன்னா வந்து பாருங்க."

சரி, வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறினேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு, எப்படியும் சம்மதிக்கவைத்து அழித்துவிடலாம் என்று நினைப்பு. கச்சிராயபாளையம் தாண்டியபோதுதான் கவனித்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், இந்த மைக் கிடந்தது. கைப்பிடியில் என் கடை ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது.

"இது ஏதுப்பா?"

"அதுவா, ஊமை அண்ணனுது. மறந்துட்டுப் பூட்டாரு. ஒரு மாசமா ஆளக் காணோம். வூடு எங்கன்னும் தெரியாது, போய்ப் பாக்கலாம்னா."

"எந்த ஊமை அண்ணன்?"

"அணைக்கட்டாண்ட டீ குடிச்சிக்கினு இருந்தேன் பாய், ஸ்பீக்கரு ஓடிக்கினு இருந்துச்சி. கழுத்துல துண்டு சுத்திக்கினு, கையில மைக்க வச்சிக்கினு ஒருத்தர் வந்து நின்னாரு. மேல போவணும்னு சைகை காட்டினாரு. ஏத்திக்கினேன். மொத ஊர்ல வண்டிய நிறுத்துனதும் எறங்கி, அந்த மைக்க வாயாண்ட வச்சி, ஸ்பீக்கரு பேசப் பேச அப்பிடியே வாயசைச்சாரு பாருங்க, ஒரு எழுத்து பெசகல. எனக்கே அவருதான் பேசறாருன்னு தோணிப்போச்சி. ஜனம் கூடிப்போச்சி. அதுலேர்ந்து வியாழக்கிழமையானா வந்துடுவாரு."

வண்டி ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமைதோறும் நீ மில்லுக்குப் போகிறேன் என்று வீட்டில் சைகை காட்டிவிட்டுக் கிளம்புவாய் என்று உன் மனைவி சொல்லியிருந்தார். பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்புவார்.

முருகேசன் சிரித்துக்கொண்டே சொன்னான். "ஒரு நா நானே சொன்னேன், இந்தக் கூவறவன் எவன்னு தெரியல அண்ணே, மூச்சே வுடாம கத்தறான், சரியான வாயாடியா இருப்பான்னு. ஊமை அண்ணன் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாரு. சத்தமே வரல, கண்ணுல தண்ணி வந்துடுச்சி அவருக்கு."

"முருகேசா, அவரு செத்துப்போயிட்டாருப்பா. இந்தக் குரலும் அவருதுதான்" என்றேன். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் வளைவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். என்னை ஒரு பார்வை பார்த்தான். மேற்கூரையில் இருந்த ஸ்பீக்கரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பிறகு இறங்கிப்போய் மலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். நான் போய்ப் பக்கத்தில் நின்றபோது, "அவராண்டயே அவரத் திட்டியிருக்கேன் பாய்" என்றான்.

வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். முருகேசன் ஸ்பீக்கரைப் போட்டான். உன் குரல் எழும்பி எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பெண்கள் கூடையோடு வந்தார்கள். முதலில் பிள்ளைகள்தான் ஓடிவந்தார்கள். ஒரு சிறுமி மக்காச்சோளக் கட்டையை வாய்க்கு நேரே பிடித்தாள். இடது கையால் இடது காதைப் பொத்தினாள். கண்ணை மூடி, வலது குதிகாலைத் தூக்கினாள். வெங்காயம் வெங்காயம் என்று உன்னோடு சேர்ந்து கத்தினாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். என் பின்னறையில், கதவு சாத்தி, நான் மட்டும் பார்த்த நிற்பு அது. ஊரே அதை விளையாடிக்கொண்டிருந்தது.

வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தை வைத்துவிட்டு வந்த ஒரு அம்மாள் முருகேசனிடம், "கூவுற அண்ணன் இன்னைக்கும் வரலயா, பதிஞ்ச கொரலதான் போட்டியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முருகேசன் என்னைப் பார்த்தான்.

"அவரு ஒங்ககிட்ட பேசுவாராம்மா?" என்றேன்.

"வெங்காயத்துக்குக் கூவுவாரு, அதோட செரி. மத்தபடி வாயே தொறக்க மாட்டாரு. தொழிலுக்காகத் தொண்டைய மிச்சம் புடிக்கிறாருன்னு இந்தத் தம்பிதான் சொல்லிச்சி. கொரலு மட்டும் அப்பா, எங்க வூட்டு மாடு திரும்பிப் பாக்கும்."

முருகேசன் என் காதோரம், "ஊமைன்னு சொல்ல மனசு வரல பாய்" என்றான்.

வண்டிச் சத்தம் கேட்டால் டீக்கடைக்குள் ஒளிந்துகொண்ட ஆள் நீ. சொந்தக் குரலை யாரோ பய என்ற ஆள். குரல் இருந்தவரைக்கும் அதன் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டுவிட்டு, அது போன பிறகு பஸ் பிடித்து, லோடு வண்டியில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து மலை ஏறி, செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நின்றிருக்கிறாய். உன்னைத் தெரியாத இடமாகப் பார்த்து நின்றிருக்கிறாய். அங்கே நீ ஊமை இல்லை. அங்கே உன் தொழிலைக் கேட்டால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். அடப்பாவி, எனக்கு ஒரு சைகை காட்டியிருந்தால் நல்ல மைக்காகக் கொடுத்திருப்பேனே.

அன்றைக்கு நான் அழிக்கவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். மறுநாள் உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

உன் மனைவி அடுப்பில் பாலை வைத்தார். பிறகு, "ஒரு நாளு புளி எடுத்தாந்தாரு, ஒரு நாளு பலாப்பழம். மில்லுல யாரோ குடுத்தாங்கன்னு நெனச்சேன். மில்லுல ஏது பலா மரம்னு எனக்குத் தோணல பாருங்க" என்றார். அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது. "என்னாண்ட ஒரு நாள் ஒதட்ட அசைச்சாரா அண்ணே? ராவும் பகலும் மூஞ்சப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். ஊரு பேரு தெரியாதவங்களாண்ட போய்ப் பேசியிருக்காரு. எனக்கு மட்டும் கஞ்சத்தனம்." அழவில்லை. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, "நானும் பாக்கணும். கூட்டிக்கினு போங்க. அப்புறம் அழிச்சிடலாம்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை முருகேசன் வண்டியில் நாங்கள் மூவரும் போனோம். வழியெல்லாம் இந்த மைக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த ஊரில் அதே அம்மாள் வந்தார். இவர் யார் என்று முருகேசன் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூவுற அண்ணன் வூட்டம்மாவா நீயி? அந்தக் கொரல வூட்ல எந்நேரமும் கேக்கறியே, குடுத்து வச்சவ."

உன் மனைவி அந்தம்மாளின் கையை விடவில்லை.

"ஆமாங்க. ஓயாம பேசிக்கினே இருப்பாரு" என்றார்.

"எப்ப வருவாரு? புள்ளைங்க கேட்டுக்கினே கீதுங்க."

உன் மனைவி பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றன. நீ நின்ற நிற்பை அவர் முதல்முதலாக அங்கேதான் பார்த்தார்.

"தொண்ட சரியில்ல அவருக்கு" என்றார். "கொஞ்ச நாள் ஆவும். வந்துடுவாரு."

அப்புறம் முருகேசனிடம் திரும்பி, "போடுப்பா" என்றார். நீ பேச ஆரம்பித்தாய். முதலிலிருந்து முடிவு வரைக்கும், திரும்ப முதலிலிருந்தும், வெயிலில் நின்று கேட்டார். ஒரு இடத்தில் அவர் உதடும் உன்னோடு சேர்ந்து அசைந்ததைப் பார்த்தேன். பிறகு மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, கூடை இல்லாததால் முந்தானையை விரித்து, வெங்காயம் வாங்கிக்கொண்டார்.

மலை இறங்கும்போதுதான் பேசினார். "கீழ ஒரு வண்டியிலயும் வாணாம் அண்ணே. இங்க மட்டும் இருக்கட்டும்." வீட்டு வாசலில் இறங்கும்போது மைக்கை என் கையில் திணித்தார். "இத நீங்க வச்சிக்குங்க. வூட்ல இருந்தா நான் பேச்சுக் குடுத்துக்கினே இருப்பேன்."

அப்படித்தான் இது என் இழுப்பறைக்கு வந்தது. கீழே இப்போது கல்லூரிப் பையன்தான் கத்துகிறான். பரவாயில்லை, பிழைத்துப்போவான். வியாழக்கிழமைகளில் மட்டும் நீ மலையில் தொண்டை சரியில்லாமல் இருக்கிறாய்.

ஒன்று மட்டும் உன் மனைவியிடமும் நான் சொல்லவில்லை. நம் முதல் பதிவு, வெட்டாதது, என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வண்டிக்காரர்களுக்குக் கொடுத்ததில் முன்பகுதியை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். வெட்டாததில் முதலில் விசிறி நிற்கிற சத்தம் கேட்கும். நீ சட்டையை ஆணியில் மாட்டுகிறாய். ஒரு செருமல். பிறகு யார்டுக் குரலும் இல்லாமல் வெங்காயக் குரலும் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில், "ஓடுதா பாய்?" என்கிறாய்.

இன்று காலை மைக்கை இழுப்பறையில் வைத்துவிட்டு அதைப் போட்டேன். நீ கேட்டாய். பதிவுக்குள் நான் பதில் சொல்வதற்கு முன்னால், கடையில் உட்கார்ந்திருந்த நானே சொல்லிவிட்டேன்.

"ஓடுது, பேசு."